கேஸாக்கும்

எங்கள் பக்கத்தில் நெஞ்சில் எது வந்தாலும் முதலில் கேஸ். படபடத்தால் கேஸ், மூச்சு முட்டினால் கேஸ், அழுகை வந்து தொண்டையில் நின்றாலும் கேஸ்தான். சோடாவோ சீரக வெள்ளமோ குடித்து ஒரு ஏப்பம் விட்டால் விஷயம் முடிந்தது. என்னோடு துணிக்கடையில் வேலை பார்த்தவளும் "கேஸாக்கும், மாறிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு, கடைக்குப் போவதற்காகத் திருவட்டாற்றிலிருந்து கருங்கலுக்குப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாலே எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. பாதி வழியில் இறங்கி நின்றுவிடுவேன். ஈசிஜி எடுத்தார்கள், ஒரு கோளாறும் இல்லை. நான் நம்பவில்லை. கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்த கணவர் பைக்கில் கொண்டு விட்டார். "நான் போனபொறவு எப்பிடிப் போவ? வேலைய விட்டுரு" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேலைப் பிரிவில் நிற்பது எனக்குப் பிடிக்கும். என் பேச்சை நாலு பேர் கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

நாகர்கோவிலில் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்த்தேன். என் மகள் வயதுதான் இருக்கும். நெஞ்சு அடிக்கும்போது மனதில் என்ன ஓடும் என்று கேட்டார்.

"செத்துருவேன்னு ஓடும்."

உடனே மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்கச் சொன்னார். திரும்பி வந்தபோது, பேருந்தில் வரும் அதே அடிப்பு, அதே மூச்சிரைப்பு.

"இப்ப பயமா இருக்கா?"

"படி ஏறுனா அடிக்கத்தானே செய்யும்."

"அப்போ பயமுறுத்துறது அடிப்பு இல்ல. செத்துருவேன்னு நெனைக்கீங்கல்லா, அந்த நெனப்புதான்."

எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. இத்தனை பாடும் ஒரு நினைப்புக்காகவா? பிறகு என் பையைத் திறக்கச் சொன்னார். சீரக வெள்ளம் ஒரு குப்பி, கேஸுக்குப் போடுகிற வாயு குளிகை. இவைதான் காப்பாற்றுகின்றன என்று நம்பும்வரை, இவை இல்லாத அன்று செத்துவிடுவேன் என்றும் நம்புவேனாம். பாதி வழியில் இறங்குவதும் அதே கதைதான். பயம் ஏறி, தானாக இறங்குவதைப் பார்க்க நான் ஒருநாளும் உட்கார்ந்திருந்ததில்லை.

முதலில் கணவர் பின்னாலேயே பைக்கில் வர, பக்கத்து நிறுத்தம் வரை பேருந்தில் போய்ப் பழகினேன். அவர் விமானம் ஏறிய பிறகு, குளிகையையும் குப்பியையும் வீட்டில் வைத்துவிட்டுக் கருங்கலுக்கு டிக்கெட் எடுத்தேன். நெஞ்சு அடித்தது. கை வியர்த்தது. இறங்க வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பைக்குள் கையை விட்டாள்.

"என்ன மக்கா, கேஸா? எங்கிட்ட குளிகை உண்டு, தரட்டா?"

"கேஸ் இல்லக்கா. பயமாக்கும்."

அவள் கை பைக்குள்ளேயே நின்றது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கும் அதுதானோ என்னமோ" என்றாள்.

அதன்பிறகு கருங்கல் வரை அவள்தான் பேசினாள். என் நெஞ்சு எப்போது அடங்கியது என்று நான் கவனிக்கவில்லை.