வந்து சேர்ந்துட்டேன்

இணைய முகவரிகளைப் பதிவு செய்து தரும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அண்ணன் புகைப்படக்காரர். வாடிக்கையாளர்களின் கல்யாண ஆல்பங்களையெல்லாம் வீட்டுக் கணினியிலேயே போட்டு, அதற்கென்று டொமைன் பெயர் என்கிற இணைய முகவரியும் வாங்கியிருந்தார். இன்டர்நெட் லைன் அறுந்து திரும்பும்போதெல்லாம் அந்தக் கணினியின் இணைய எண் மாறிவிடும். பெயரோ பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும், ஆல்பம் திறக்காது. கோடிங் என்றால் வீசை என்ன விலை என்று கேட்கிற மனுஷன், திரையில் கட்டங்களை இழுத்துக் கோத்து, எண் மாறினால் டொமைன் பதிவு தானாகவே மாறும்படி செய்துவிட்டார். கடைசிக் கட்டத்தில் ஒரு குறும்பு: பதிவு மாறியதும் மனைவியின் போனுக்கு அவர் பெயரில் மெசேஜ் போகும். 'வந்து சேர்ந்துட்டேன்.'

மாரடைப்பில் அவர் போன பிறகும் அது நிற்கவில்லை.

"இன்னிக்கும் வந்துச்சு," என்றாள் அண்ணி போனில்.

"மெஷின் அனுப்புது அண்ணி. லைன் கட்டாகி வந்திருக்கும்."

"தெரியும்மா. தெரிஞ்சும் போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன். பைத்தியம் புடிச்சிடும் போலிருக்கு. நிறுத்திடு."

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனாள். நாற்காலி அவர் உயரத்துக்கே இருந்தது. உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. ஆல்பங்களை இன்னும் பலர் பார்க்கிறார்கள், மற்றதில் கை வைக்க முடியாது. கடைசிக் கட்டத்தை நீக்கினால் போதும். விரல் போனது. அழுத்த மனம் வரவில்லை. அண்ணியின் போன் எண்ணை அழித்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணி."

நாலைந்து நாளில், அலுவலகத்தில் வேலைக்கு நடுவே வந்தது. 'வந்து சேர்ந்துட்டேன்.' தன்னையறியாமல் 'சாப்பிட்டியாண்ணே?' என்று பதில் அனுப்பிவிட்டாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒருநாள் வீட்டுக்குப் போயிருந்தபோது அண்ணி கேட்டாள்: "இப்பல்லாம் வர்றதே இல்ல. நான்தான் துரத்திட்டேனோ?"

மறைக்க முடியவில்லை. போனை எடுத்துக் காட்டினாள். அண்ணி ஒவ்வொன்றாகப் படித்தாள், தேதியையும் சேர்த்து.

"திரும்ப உங்க நம்பருக்கே மாத்திடவா?"

"வேணாம். எனக்கு அந்தத் தெம்பு இல்ல. உன்கிட்டயே இருக்கட்டும். வந்தா மட்டும் சொல்லு."

இப்போது மெசேஜ் வந்தால் அவள் அண்ணியைக் கூப்பிடுகிறாள். "அண்ணன் வந்துட்டாரு" என்கிறாள். "சரி" என்கிறாள் அண்ணி. அதன் பிறகும் இருவரில் யாரும் முதலில் போனை வைப்பதில்லை.