தெற்குத் தெரு எந்த நாட்டில் இருக்கிறது?

இன்று ஊரில் கிராம சபை முடிந்து, இப்போதுதான் மதுரை ஆனையூரில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பினேன்.

வயிறு வலிக்கிறது. (சாப்பிட்டதால் இல்லை, சிரித்ததால்!)

முதலில் இருந்து சொல்கிறேன்.

என் தம்பி பாண்டி வளைகுடாவில் பைப் ஃபிட்டர். போன கிராம சபைக்கு நாலு நாள் முன்னால், அவன் இருந்த ஊரில் குண்டு விழ ஆரம்பித்துவிட்டது. ஏர்போர்ட்டையும் மூடிவிட்டார்கள்.

வீடியோ காலில் டமார் டமார் என்று கேட்கிறது. அம்மா பதறிப்போய், "என்னய்யா சத்தம்?" என்றார்.

"பக்கத்து ரூம்ல தகரத்தைத் தட்டுறாய்ங்கம்மா" என்றான் அந்தப் பயல்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். நான் நம்பவில்லை. அரசாங்க உதவி மையத்துக்கு நாள் முழுக்க போன் போட்டும் லைன் கிடைக்கவில்லை. அழுது அழுது முகமே வீங்கிவிட்டது.

அப்போதுதான் கிராம சபை ஞாபகம் வந்தது. அலங்காநல்லூர் தாண்டி இருக்கிற அம்மா ஊருக்கு ஸ்கூட்டியை விரட்டினேன்.

சபைக் கூட்டத்திலேயே ஊராட்சிச் செயலரைப் பிடித்தேன். (அது போர்டில் இருக்கும் பெயர். ஊருக்கு அவர் கிளார்க் அண்ணன்தான்.)

"அண்ணே, என் தம்பிய மீட்கணும்னு ஊர் சார்பா ஒரு தீர்மானம் போடுங்கண்ணே."

"தாயி, வெளிநாட்டு விவகாரமெல்லாம் டெல்லி பாக்குறது. நம்மகிட்ட தெருவிளக்கு, தண்ணி, அம்புட்டுத்தேன்."

"அப்ப டெல்லிக்கே அனுப்புங்க!"

என் முகத்தைப் பார்த்தவர் எழுத உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எழுந்தார் பேச்சியம்மாக்கா.

அக்கா தெற்குத் தெரு. அங்கே மெயின் பைப்பில் ஜாயிண்ட் உடைந்து பல மாதமாகத் தண்ணீர் இல்லை. தெருவே பக்கத்துத் தெருவுக்குப் போய்க் குடம் குடமாகச் சுமக்கிறது.

"பாண்டி எம்புள்ள மாதிரித்தேன், வரட்டும். அதுக்காக எங்க குழாயை விட்ர முடியுமா? அதையும் எழுது. இல்லன்னா எங்க தெருவுல ஒரு கையெழுத்து விழுகாது, பாத்துக்க!"

கிளார்க் அண்ணன் கெஞ்சினார். "எஸ்டிமேட் எப்பவோ போயிருச்சுக்கா. ஃபிட்டருதான் கிடைக்க மாட்டேங்குறாரு. வேணும்னா தனித் தீர்மானமாப் போடுவோம்."

"தனியாப் போட்டா தனியாவே கெடக்கும். அந்தப் புள்ள தீர்மானத்தோட சேத்துக் கட்டு. டெல்லிக்கும் தெரியட்டும்!"

இப்படியாக, 'வெளிநாட்டில் சிக்கியுள்ள பாண்டியை மீட்டுத் தரவும், தெற்குத் தெரு குடிநீர்க் குழாயை உடனடியாகச் சீரமைத்துத் தரவும்' என்று ஒரே வாக்கியத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஊரே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது. அதைப் போட்டோ எடுத்து டெல்லி, சென்னை என்று கிடைத்த ஈமெயிலுக்கெல்லாம் அனுப்பினேன்.

மறுநாளே சென்னை அரசு அலுவலகத்திலிருந்து ஒரு சார் கூப்பிட்டார்!

"மேடம், உங்க தீர்மானத்தைப் பார்த்தோம். தம்பி பேரை லிஸ்ட்ல சேர்த்தாச்சு. ஒரே ஒரு டவுட். இந்தத் தெற்குத் தெரு எந்த நாட்டுல இருக்கு? அங்க எத்தனை பேர் சிக்கியிருக்காங்க?"

"அது அலங்காநல்லூருக்கு அங்கிட்டு இருக்கு சார். தெருவே சிக்கியிருக்கு!"

அதைக் கேட்டுச் சிரித்தார் பாருங்கள், ஒரு சிரிப்பு! அத்தனை நாளாக அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

"தம்பியை நாங்க கூட்டிட்டு வந்துடுறோம் மேடம். குழாய் மட்டும் எங்க கையில இல்ல."

சொன்னபடி செய்தார்கள். பஸ்ஸில் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அரசாங்கம் அனுப்பிய விமானத்தில் ஏற்றி, அந்த வாரமே பாண்டியை மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏர்போர்ட்டுக்கு ஊரே வேன் பிடித்து வந்திருந்தது. அம்மா அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. முதுகில் ஓங்கி ஒரு அடி!

"தகரமாடா தட்டுனாய்ங்க? எனக்குத் தெரியாதாடா?"

அதன் பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதார். எல்லாம் தெரிந்தேதான் தலையை ஆட்டியிருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

பேச்சியம்மாக்கா மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தார். "தீர்மானத்துல பாதி வந்து எறங்கிருச்சு. மீதி எங்க?"

பாண்டி திருதிருவென்று விழித்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்புட்டுத்தானாக்கா? அங்க ஆளு நுழையுற பைப்பையே மாட்டுனவன் நானு!"

மூன்றாம் நாள் காலையில் ஸ்பேனரோடு குழிக்குள் இறங்கினான். ஊராட்சியில் வாங்கி வைத்திருந்த ஜாயிண்ட்டைக் கிளார்க் அண்ணனே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மத்தியானத்துக்குள் தெற்குத் தெருவில் தண்ணீர்! முதல் குடத்தைப் பேச்சியம்மாக்கா பாண்டி தலையில் ஊற்றினார். (சேறு போக வேண்டாமா!)

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன்.

போன தீர்மானம் என்ன ஆனது என்று கிளார்க் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"பாண்டி மீட்கப்பட்டார். தெற்குத் தெரு குழாயானது, அரசு விமானம் மூலம் வெளிநாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட ஃபிட்டரைக் கொண்டு சீரமைக்கப்பட்டது. தீர்மானம் முழுமையாக நிறைவேற்றப்பட்டது."

கூட்டமே வெடித்துச் சிரித்தது. அதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? நீங்களே சொல்லுங்கள்!

சிரிப்பு அடங்கியதும் பேச்சியம்மாக்கா மறுபடியும் எழுந்தார்.

"எல்லாஞ் சரிப்பா. எங்க தெருவுல லைட்டு எரியல. அதுக்கு யாரை பிளேன்ல எறக்கப் போற?"

முகம் தெரியாத அந்தச் சென்னை சாருக்குக் கோடி நன்றி.

நண்பர்களே, உங்கள் வீட்டில் வெளிநாட்டில் எலக்ட்ரீஷியனாக இருப்பவர் யாராவது உண்டா? குண்டெல்லாம் விழ வேண்டாம், லீவில் வந்தால் போதும்!