ரேடியோவுக்குள் கருவாடு

தோழிகளே, இதை யாருக்கும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எல்லோரும் படுத்த பிறகு பயந்துகொண்டே எழுதுகிறேன்.

மழை தொடங்கியதிலிருந்து எங்கள் ரேடியோ அடிக்கடி ஊமையாகிவிடுகிறது. பாட்டுக்காக நான்தான் திருகித் திருகிக் கெடுத்தேனாம்.

"இன்னொரு வாட்டி கராப் ஆச்சு, உன் இஸ்கூல் பந்த்!" என்றார் என்னைப் பெற்ற அத்தா.

இன்று அவர் கடைக்குப் போனதும், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையைக் கழற்றினேன்.

சீ! உள்ளே நெத்திலிக் கருவாடு. அதை மொய்த்துக்கொண்டு கரப்பான்பூச்சிகள். ஒயரெல்லாம் பிசுபிசுவென்று எச்சம்.

எல்லாம் அத்தா வேலை. கருவாடு நமுத்துப்போகாமலிருக்க, ரேடியோ சூட்டில் காயட்டும் என்று தினமும் அதன்மேல் பரப்புவார். ஓட்டை வழியாக விழுந்திருக்கிறது.

மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்தேன். சத்தம் வந்துவிட்டது.

சாயங்காலம் அத்தா, "பாத்தியா புள்ள? நீ தொடாம இருந்தா எப்படிப் பாடுது!" என்றார். சொல்லிக்கொண்டே மறுபடியும் கருவாட்டைப் பரப்பினார்.

காரணத்தைச் சொன்னால், திறந்து பார்த்தது தெரிந்துவிடும். சொல்லாமலிருந்தால் அது மறுபடி ஊமையாகி என் படிப்பு போய்விடும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கதவு தட்டும் சத்தம். அத்தாதான்.

"புள்ள, எந்திரி. ரேடியோ மறுபடி கராப்...