வாயில் வைத்துப் பார்த்த டீ

தொழிற்சாலை கேண்டீனில் அவளுக்குப் பெரியகரண்டி என்று பெயர். அவள் வாயில் வைத்துப் பார்த்துத் தலையாட்டாமல் ஒரு டம்ளர் டீகூட வெளியே போகாது. அப்படிப்பட்டவள் இப்போது அடுப்பு முன்னால் நின்றபடியே தூங்கி வழிந்தாள். உடம்பு ஊதிப்போனது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தைராய்டு மாத்திரையின் அளவை இரண்டு தடவை கூட்டியும் அசதி விட்டபாடில்லை.

"இன்னொரு தடவ பால் அடிப்பிடிச்சா பாத்திரம் கழுவத்தான் போகணும்" என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் புருஷனோ, "எல்லாம் சோம்பேறித்தனம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். நாளாக ஆக, அது உண்மைதானோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது. அதுதான் பெரிய கொடுமை.

வெள்ளையடிப்பதற்காக இரண்டு வாரம் கேண்டீனைப் பூட்டினார்கள். அது முடிகிற சமயத்தில் மறுபடி டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, வந்த ரிசல்ட்டோடு புருஷனையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

"டிஎஸ்எச் இன்னும் அதிகமாத்தான் இருக்கு, அதாவது தைராய்டு பத்தலன்னு காட்டுது. ஆனா ரத்தத்துல இருக்கிற தைராய்டு, அந்த டி4, சரியாயிருக்கு" என்றார் டாக்டரம்மா. "டி4 சீக்கிரம் தேறிடும், டிஎஸ்எச் இறங்க வாரக்கணக்காகும். அப்படின்னா மாத்திரை இப்பத்தான் ஒழுங்கா சேருது போல. நடுவுல விட்டுட்டீங்களா?"

பெரியகரண்டிக்குச் சுருக்கென்றது. "ஒருநாள் தவறினதில்லீங்க. கேண்டீன்ல நுழைஞ்சதும் மொத வேலையே அதுதான். அதுவும் வெறும் வயித்துல. இப்ப ரெண்டு வாரமா கேண்டீன் லீவு, வீட்ல போட்டேன்."

"அப்புறம்?"

"அடுப்பப் பத்தவச்சு டீ போடுவேன். ருசி பாப்பேன்."

"எவ்வளவு?"

"அண்டாவுக்கு அரை டம்ளர். மூணு அண்டா."

"பால் டீயா? அப்ப வெறும் வயிறு எங்கம்மா இருக்கு?"

"அது வேலைங்க டாக்டர். சாப்பாட்டுக் கணக்குல எப்படி வரும்?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பாலும் டீயும் கூடவே போனால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. லீவில் வீட்டில் இருந்தபோது அந்த டீ இல்லை, அதனால் சேர்ந்திருக்கிறது என்று விளக்கினார். அளவைக் கூட்டவில்லை. "வீட்ல எழுந்ததும் தண்ணியில போட்டுக்குங்க. ஒரு மணி நேரம் வாயில எதுவும் வைக்காதீங்க, ருசிக்குக்கூட. ஆறு வாரம் கழிச்சு டெஸ்ட் எடுத்துப் பாப்போம்."

அவள் எழுந்திருக்கவில்லை. "அப்ப நான் சோம்பேறி இல்லையா?" என்று கேட்கும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"யாரு சொன்னா? இது உடம்புக் கோளாறும்மா."

புருஷன் தரையைப் பார்த்தான். "நாளைலேர்ந்து நானே மாத்திரை எடுத்துத் தரேன்" என்று முணுமுணுத்தான்.

"மாத்திரைய நானே எடுத்துக்குவேன்" என்றாள். "நீங்க சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்குங்க. இங்கயே, டாக்டரம்மா முன்னாடி."