இருநூற்றுப் பதினோரு பவுண்டு கற்கள்

வெண்டல் க்ரோ முப்பத்து நான்கு வருஷம் எடை போட்டே காலம் தள்ளியவர். நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், ஜெரிங் ஊருக்கு வெளியே இருக்கும் தானியக் கிடங்கில் எடைமேடை அவர் பொறுப்பு. லாரி சுமையோடு மேடை ஏறும், எழுதுவார். கொட்டிவிட்டுக் காலியாக ஏறும், மறுபடி எழுதுவார். க்ரோ எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று விவசாயிகள் சீட்டைப் பார்க்காமலேயே சட்டைப் பையில் செருகிக்கொண்டு போவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். மனுஷனுக்கு ஏதாவது ஒன்றில் இருக்கத்தானே செய்யும்.

ஆனால் எடைமேடைக்கு ஒரு குறை உண்டு. எவ்வளவு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. கோதுமை லாரியின் முன்பக்கம் குவிந்திருந்தாலும் பின்பக்கம் குவிந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். முப்பத்து நான்கு வருஷத்தில் வெண்டலுக்கும் அதே புத்தி வந்துவிட்டது.

ஓய்வு பெற்றதும் அவரும் அவர் மனைவி ஆர்லிஸும் பத்தொன்பது அடி நீளத்தில் ஒரு டிரெய்லர் வாங்கினார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் சின்ன வீடு. அதை இழுக்கப் பெரிய பிக்கப் வண்டி வாங்கச் சொல்லி ஊரே புத்தி சொன்னது. வெண்டல் கேட்கவில்லை. நடுத்தர அளவில் ஒரு பிக்கப் போதும், சுமையைக் கட்டுக்குள் வைத்தால் தாராளமாக இழுக்கும் என்றார். அன்றிலிருந்து பதினாலு குளிர்காலம் இருவரும் அரிசோனா பாலைவனத்துக்குப் போய்விட்டு வசந்தத்தில் திரும்புவார்கள்.

கட்டுக்குள் வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் நின்ற ஆர்லிஸுக்கு ஓய்வுக்குப் பிறகு பிடித்த பைத்தியம் கல். விலை உயர்ந்த கல் ஒன்றுமில்லை. வரிவரியாக இருக்கும் அகேட், கல்லாகிப்போன மரத்துண்டு, உடைத்தால் உள்ளே ஈரல் நிறத்தில் இருக்கும் ஏதோ ஒன்று. வண்டி எங்கே நின்றாலும் இறங்கிக் குனிந்துவிடுவாள். பொறுக்கியதையெல்லாம் டிரெய்லரின் முன்பக்கக் கட்டிலுக்கு அடியில், தான் படுக்கும் பக்கமாகப் போட்டு வைப்பாள்.

"இது வண்டிடி, கல்லுக்குவாரி இல்ல," என்று வெண்டல் கத்துவார்.

"அப்ப நீ இறங்கிக்கோ. நூத்தித் தொண்ணூறு பவுண்டு மிச்சமாகும்," என்பாள் ஆர்லிஸ்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒரு கல் உள்ளே வந்தால் அதே எடைக்கு ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும். கிடங்கிலிருந்து கொண்டுவந்த கொக்கித் தராசில் வெண்டல் ஒவ்வொரு கல்லையும் தொங்கவிட்டு, எடையைக் கறுப்பு மைப்பென்சிலால் அதன் அடியில் எழுதுவார். பக்கத்தில் ஆர்லிஸ் எடுத்த ஊரையும் வருஷத்தையும் எழுதுவாள். கல்லுக்காக அவளுடைய குளிர்கோட்டு வெளியே போனது. சமையல் புத்தகங்கள் போயின. அவள் அம்மா கொடுத்த இரும்பு வாணலி போனது. வெண்டலின் மீன்பிடிப் பெட்டியை மட்டும் அவள் கேட்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போது அவருக்கு வெட்கமாக இருக்கும்.

ஜூன் மாதம் ஆர்லிஸ் இறந்தாள். கணையத்தில் புற்றுநோய். தெரிந்ததிலிருந்து பதினோரு வாரம்.

பாலைவனத்தில் அவர்களோடு கூடுகிறவர்கள் பன்னிரண்டு பதின்மூன்று குடும்பம். பழைய நண்பர் ஹோபர்ட்டும் அதில் ஒருவர். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை எல்லாரும் வந்து சேர்ந்ததும் நடுவில் நெருப்பு மூட்டுவார்கள். அதைச் சுற்றி ஒரு கல்வட்டம் உண்டு. அந்த வருஷம் செத்துப்போனவருக்காக வீட்டு ஆள் ஒரு கல்லைக் கொண்டுவந்து வட்டத்தில் வைத்துப் பேரைச் சொல்ல வேண்டும். பிரசங்கம் எல்லாம் கிடையாது. பேரைச் சொன்னபிறகு சாப்பாடு. ஆஸ்பத்திரியில் ஆர்லிஸ் கேட்டது அது ஒன்றைத்தான்.

"என் கல்ல நீயே வைக்கணும், வெண்டல். ஹோபர்ட்கிட்ட குடுத்து அனுப்பாத."

மகள் ஜானெல் ஜெரிங்கிலேயே இருக்கிறாள். எழுபத்து நான்கு வயது அப்பா ஆயிரம் மைல் தனியாக டிரெய்லர் இழுத்துக்கொண்டு போவது அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"போங்க. ஆனா வழியில ஒரே ஒரு தடவ ஏதாவது ஆச்சுன்னா டிரெய்லர வித்துடணும். வாக்குக் குடுங்க," என்றாள்.

கொடுத்தார். ஆர்லிஸ் இல்லாத வீட்டை விட, அவளோடு சண்டை போட்ட அந்தப் பத்தொன்பது அடிதான் அவருக்கு வீடு. அது போனால் தமக்கு எதுவும் மிச்சமில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தார்.

புறப்படுவதற்கு முன் கற்களையெல்லாம் எடுத்து ஜானெலிடம் கொடுத்துவிட்டார். சுமை குறையட்டும் என்று சொன்னார். உண்மை அதுவல்ல. வளைவுகளில் அவை கட்டிலுக்கு அடியில் உருண்டு முட்டிக்கொள்ளும் சத்தத்தை அவரால் கேட்க முடியவில்லை. ஜானெல் அவற்றை வாசல் பூப்பாத்தியைச் சுற்றி வரிசையாகப் பதித்தாள். மிகப் பெரியதை, பதினேழு பவுண்டுள்ள கல்மரத்துண்டை, மட்டும் வெண்டல் பிக்கப்பில் தம் பக்கத்து இருக்கையில் வைத்து அதற்கு பெல்ட் போட்டார். வட்டத்துக்கு அதுதான்.

தனி ஆள், வழியில் தண்ணீருக்கு அலைய வேண்டாம் என்று டிரெய்லரின் தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். தொட்டி இருப்பது பின்பக்கம், சக்கரத்துக்கும் பின்னால். அதன் பிறகும் மொத்த எடை போன வருஷத்தைவிட ஏறவில்லை. வெண்டலுக்குத் திருப்தி.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினார். வயோமிங்குக்குள் நுழைந்ததிலிருந்தே டிரெய்லர் பின்னால் லேசாக இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தது. காற்று என்று நினைத்தார். ஷையனுக்கு முப்பது மைல் இருக்கையில் நீண்ட இறக்கம் ஒன்று. எதிரே ஒரு பெரிய லாரி ஓசையோடு கடந்துபோனது. அந்தக் காற்று அடித்ததும் டிரெய்லர் வலப்புறம் போனது, பிறகு இடப்புறம், பிறகு இன்னும் அதிகமாக வலப்புறம். பிக்கப்பின் பின்பாகத்தையே பிடித்து உலுக்கியது. வெண்டல் காலால் பிரேக்கை மிதித்தார். செய்யக்கூடாதது அதுதான். டிரெய்லர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் வந்தது. பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் வெள்ளைச் சுவர் முழுசாகத் தெரிந்தது. அது தெரியவே கூடாது.

"ஆர்லிஸ்!" என்று கத்திவிட்டார்.

எப்படியோ கை தானாக டிரெய்லருக்கு மட்டும் பிடிக்கும் அந்தச் சின்னக் கைப்பிரேக்குக்குப் போனது. அழுத்தினார். பின்னால் ஏதோ பிடித்து இழுத்த மாதிரி டிரெய்லர் நேரானது. சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கினார். பக்கத்து இருக்கையில் கல் அசையாமல் இருந்தது.

பின்னால் வந்த வைக்கோல் லாரி ஒன்று நின்று, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கி வந்தாள். பேர் ராண்டா என்றாள்.

"உயிரோட இருக்கீங்களா, பெரியவரே? இன்னொரு ஆட்டம் ஆடியிருந்தா பள்ளத்துல போயிருப்பீங்க."

"காத்து," என்றார் வெண்டல்.

"காத்து எனக்குந்தான் அடிச்சுது." அவள் வண்டிகள் இரண்டும் கோக்கும் இடத்தில் குனிந்து பார்த்தாள். "உங்க டிரெய்லர் மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க. முன்னாடி பாரமே இல்ல. பின்னாடி கனமா இருந்தா வால ஆட்டத்தான் செய்யும். போன வருஷம் இப்படி ஆடுச்சா?"

"பதினாலு வருஷத்துல ஒரு தடவகூட ஆடினதில்ல."

"அப்ப முன்னாடியிருந்து எத எடுத்தீங்க?"

வெண்டல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெரியவரே, உங்களத்தான். எத எடுத்தீங்க?"

"கல்லு," என்றார். "என் பொஞ்சாதியோடது."

ராண்டா வாய் திறந்து என்னவோ சொல்லப்போனவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டாள். "தண்ணியத் திறந்து விட்டுடுங்க. ஷையன் வரைக்கும் மெதுவா போங்க. அங்க பண்ணைச் சாமான் கடையில உப்பு மூட்ட நாலஞ்சு வாங்கி முன்னாடி போடுங்க. அது போதும். மொத்த எடையில எட்டுல ஒரு பங்கு மூக்குல இருக்கணும். ஞாபகம் வச்சுக்குங்க."

தண்ணீரைத் திறந்துவிட்டு மெதுவாக ஷையன் போனார். கடையில் உப்பு மூட்டைகள் வாசலிலேயே அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் நாற்பது பவுண்டு. கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்த கற்கள் இருநூற்றுப் பதினோரு பவுண்டு, ஐந்து மூட்டை எடுத்தால் கிட்டத்தட்டக் கணக்குச் சரி. ஆயுள் முழுக்க வெண்டலுக்குப் பவுண்டு என்றால் பவுண்டுதான். கோதுமையானாலும் சரி, சோளமானாலும் சரி. அந்த வாசலில் கால் மணிநேரம் நின்றார். ஒரு மூட்டையைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார், மறுபடி எடுத்து அடுக்கில் வைத்தார். ஆர்லிஸ் படுத்த இடத்துக்கு அடியில் உப்பைப் போட அவருக்கு மனசு வரவில்லை. பிக்கப்பை வந்த வழியே திருப்பி, நாற்பது மைலுக்கு மேல் போகாமல் ஜெரிங்குக்கு ஊர்ந்து வந்தார். திரும்பினால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் வந்தார்.

ஜானெல் வேலையிலிருந்து வந்தபோது அப்பா பூப்பாத்தியில் மண்டியிட்டுக் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! என்ன ஆச்சு?"

சாலையில் ஒன்றும் நடக்கவில்லை, மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். முப்பத்து நான்கு வருஷம் ஒரு பவுண்டு கூட்டியோ குறைத்தோ எழுதாத மனுஷன். நடந்ததை அப்படியே சொன்னார், காலால் பிரேக் போட்டதையும் சேர்த்து.

ஜானெல் படியில் உட்கார்ந்துவிட்டாள். "வித்துடணும்னு பேசியிருக்கோம்."

"பேசியிருக்கோம்."

"செத்துப் போயிருப்பீங்க."

"ஆமா," என்றார். "அவ எடுத்து வச்சத நான் எடுத்துட்டேன், ஜானெல். இத்தன வருஷமும் அதுதான் வண்டிய நேரா வச்சிருந்திருக்கு. நான் தினமும் திட்டினேன். இது தெரிஞ்ச பெறகு அவகிட்ட சொல்ல முடியல பாரு." அழுதார். ஆர்லிஸின் அடக்கத்தன்றுகூட அவர் அழவில்லை.

ஜானெல் கையில் கிடைத்த கல்லைத் திருப்பினாள். அடியில் அப்பாவின் எழுத்தில் மூன்றேகால் பவுண்டு. பக்கத்தில் அம்மாவின் சாய்ந்த எழுத்தில் லஸ்க், வயோமிங். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இன்னொன்று: 'இன்னிக்கு வெண்டல் சிரிச்சான்.' இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எடை எழுதிய பிறகு அவர் அந்தக் கல்லைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

வெகுநேரம் கழித்து ஜானெல் எழுந்து உள்ளே போனாள். திரும்பியபோது அவள் கையில் பாட்டியின் இரும்பு வாணலி இருந்தது.

"இந்த ஒரு கல்ல நான் வச்சுக்கறேன். அதுக்குப் பதிலா இத வைங்க. மூணேகாலுக்கு மேலயே இருக்கும்."

"விக்கறதா சொன்னியே?"

"வசந்தத்துல பேசிக்கலாம். தராச எடுங்க."

மறுநாள் காலையில் கற்களை ஆர்லிஸ் வைத்திருந்த அதே பக்கத்தில் அடுக்கி, பழைய கிடங்குக்குப் போனார்கள். டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் காலை மட்டும் எடைமேடையில் ஊன்றி, சக்கரத்தை வெளியே நிறுத்தி எடை பார்த்தார் வெண்டல். முப்பத்து நான்கு வருஷத்தில் அந்த மேடையில் இப்படி ஒன்றை அவர் நிறுத்தியதே இல்லை. எட்டில் ஒரு பங்கு இருந்தது. ஆர்லிஸுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. வேறு இடம் இல்லாததால் அங்கே போட்டாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் நெருப்பு மூட்டுவதற்கு ஒரு மணிநேரம் முன்னால் வெண்டல் பாலைவனம் போய்ச் சேர்ந்தார். வழி முழுக்க டிரெய்லர் ஆடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கற்கள் உருண்டு முட்டிக்கொண்டன. அவர் ரேடியோ போடவில்லை.

பதினேழு பவுண்டுக் கல்லை வயிற்றோடு அணைத்துத் தூக்கிப்போய் வட்டத்தில் வைத்தார். "ஆர்லிஸ் க்ரோ. ஜெரிங்," என்றார். எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஹோபர்ட் அவர் தோளைத் தட்டினார்.

"இப்பவாவது சுமை குறைஞ்சுதா, எடைக்காரரே?" பதினாலு வருஷமாகக் கேட்கும் அதே கிண்டல்தான். ஆனால் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இல்ல ஹோபர்ட். குறையக் கூடாது," என்றார் வெண்டல்.

மறுநாள் காலை அவர் தனியாக ஓடைப்படுகைக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கல்லுக்குக் குனிந்தார். எது நல்ல கல் என்று அவருக்குத் தெரியவில்லை. பச்சையோடிய ஒன்றை எடுத்தார், போட்டார், பழுப்பு வரி ஓடிய இன்னொன்றை எடுத்தார். தராசில் தொங்கவிட்டு, அடியில் மைப்பென்சிலால் எடையை எழுதினார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஊரையும் வருஷத்தையும் அவரே எழுதினார். பிறகு கட்டிலுக்கு அடியில், அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.