நீலப் புகையும் ஒரு செம்பும்

பயந்தால் வாய் வறண்டுபோகும், கை நடுங்கும் என்பார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் காது பெரிதாகிவிடுகிறது! போன வாரம்தான் எனக்கு இது தெரிந்தது.

என் மைத்துனி சரசு — மனைவியின் தங்கை — மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறாள். கணவருக்கு அங்கே ஆபீஸில் வேலை. சரசுவுக்கு இது ஏழாம் மாதம், தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்து அவளைச் சமவெளியில் இருக்கும் பெருமாட்டிக்கு அழைத்து வர வேண்டும். அங்கேதான் என் மாமனாரின் வீடும் தென்னந்தோப்பும்.

"பஸ்ஸுல வேண்டாமுங்க மாப்ளே. அந்த வளைவுகள்ல புள்ளைக்கு ஆகாது. நம்ம வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்றார் மாமனார்.

நம்ம வண்டி! எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பல் ஏறிய ஒரு துரையின் கார். கை மாறிக் கை மாறிப் பெருமாட்டிக்கு வந்து சேர்ந்தது. கொஞ்சம் புகைவிடும், கொஞ்சம் ஆயில் குடிக்கும். குறையும்போதெல்லாம் மாமனாரே பார்த்து ஊற்றிவிடுவார். மற்றபடி ஓடும்.

நானும் என் மனைவி கமலாவும் உடுமலைப்பேட்டை வழியாக, சின்னாறு காட்டைத் தாண்டி, மறையூர் ஏறிப் போனோம். வழி நெடுக வடை சுடும் வாசனை. "கிட்டத்துல எங்கியோ டீக்கடை இருக்குதுங்க" என்று கமலா ஒவ்வொரு வளைவிலும் சொன்னாள். டீக்கடை வரவே இல்லை. பசிதான் வந்தது.

மறுநாள் காலை, புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி. சீக்கிரமே வளையல் போட்டு முடித்தாயிற்று. வளையல் போட்ட பிறகு பெண் அன்று இரவு அந்த வீட்டில் தங்கக் கூடாதாம். நல்ல நேரம் போவதற்குள் கிளம்ப வேண்டும். நான் போய் சாவியைத் திருப்பினேன்.

கார் முனகியது, இருமியது, பிடித்தது. அப்புறம் — தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவார்களே, அந்தச் சத்தம்! பின்னால் நீலமாகப் புகை. ஆயில் அழுத்தம் காட்டும் முள் எழுந்திருக்கவே இல்லை. பதறிப்போய் நிறுத்தினேன்.

எஸ்டேட் லாரி டிரைவர் மாடசாமி ஓடி வந்தார். "சார், கறுப்புப் புகைன்னா பெட்ரோல் ஜாஸ்தி. வெள்ளைன்னா தண்ணி. இது நீலம்லா... ஆயில எரிக்கி. சத்தத்தப் பாத்தா உள்ள பேரிங்கும் போயிருக்கும் போல."

பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். சொட்ட வேண்டிய ஆயில் சொட்டவில்லை. சாம்பல் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது.

"போச்சு சார். ஆயில்ல தண்ணி எறங்கிட்டு. தண்ணிய மறிக்க கேஸ்கெட் காலி. இந்த வண்டில மாசமா இருக்க பிள்ளைய ஏத்தாதிய!"

கீழே சின்னாறு காடு. யானை நடமாடும் ரோடு. நடுவில் கார் நின்றால்? சரசுவுக்கு வலி கண்டுவிட்டால்? டாக்டருக்கு எங்கே போவேன்? பெண்ணை என்னை நம்பி அல்லவா அனுப்புகிறார்கள்!

வளையல் குலுங்கச் சரசு வந்து நின்றாள். கம்பியைப் பார்த்தாள். அந்தக் கெட்டியை விரலில் தொட்டுத் தேய்த்தாள். உருகியது. மோந்து பார்த்தாள்.

"மாமா, இது தண்ணி இல்லீங்க. எங்க ஊட்டுத் தேங்கா எண்ணெய்ங்க!"

"என்னம்மா உளர்றே?" என்றேன்.

"நெசமாத்தானுங்க. அப்பா குடுத்து உடற எண்ணெய் இங்க வந்தா கல்லாட்டம் ஆயிருமுங்க. தெனம் அடுப்போரம் வெச்சு உருக்கித்தான் தலைக்கு வெக்கறனுங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

நான் கமலாவைப் பார்த்தேன். கமலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க... எங்கப்பா வாரா வாரம் செம்ப எடுத்துட்டு வண்டிகிட்டப் போறதப் பாத்திருக்கறனுங்க. ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தறாருன்னு நெனச்சனுங்க..."

வடை வாசனை எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. கார் ஆயிலைக் குடிக்கக் குடிக்க, மாமனார் தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊற்றி... உள்ளே முக்கால்வாசியும் அதுதான்! பெருமாட்டி வெயிலில் தெரியவில்லை. மூணாறு குளிரில் இறுகிவிட்டது. எண்ணெய் ஏறாத எஞ்சின், எலும்போடு எலும்பு தட்டாமல் என்ன செய்யும்?

மாடசாமி இரும்புச் சட்டியில் அடுப்புக் கரியை அள்ளி வந்து எஞ்சினுக்கு அடியில் தள்ளினார். "பயப்படாதிய சார், லாரிக்கு தெனமும் இதான்." பெட்ரோல் காருக்கு அடியில் நெருப்பு! நான் எல்லோரையும் வீட்டுக்குள் விரட்டினேன். எண்ணெயை உருக்கி, வடித்து இறக்கி, லாரி ஷெட்டிலிருந்து நிஜமான ஆயில் வாங்கி ஊற்றி முடிப்பதற்குள் நல்ல நேரம் போய்விட்டது. ராகு காலம் வந்து அதுவும் போனது.

மறுபடி சாவி. சத்தம் அடங்கியிருந்தது. "இனி தாங்கும் சார்" என்றார் மாடசாமி. கிளம்பினோம். ஆனால் என் காது அடங்கவில்லை.

சின்னாறு காட்டுக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ரோட்டில் சூடு ஆறாத யானை லத்தி. அப்போதுதான் — களக்!

வளைவு திரும்பினேன். களக்... களக்...

"மாமா, பின்னால ஏதோ சத்தம் கேக்குதுங்க" என்றாள் சரசு. கமலா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெட்ரோல் டாங்கு கழன்றுவிட்டதா? அச்சு விட்டுவிட்டதா? இறங்கிப் பார்க்க வேண்டியதுதானே என்கிறீர்களா? நீங்கள் அந்த லத்தியைப் பார்க்கவில்லை! சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன்.

செக்போஸ்ட் விளக்கு தெரிந்ததும் நிறுத்தி டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிக்குப் பின்னால் ஒரு டின். பாதி அளவு தேங்காய் எண்ணெய்! வழிக்கு ஆகட்டும் என்று மாமனார் வைத்தது. மலையில் உறைந்து வாயை மூடிக் கிடந்தது, கீழே இறங்க இறங்க உருகிப் பேச ஆரம்பித்திருக்கிறது.

போகும்போதும் இது குலுங்கித்தான் இருக்கும். யார் கேட்டது? அப்போது எங்கள் கவனமெல்லாம் வடையில் அல்லவா இருந்தது!

பெருமாட்டியில் மாமனார் சாயங்காலத்திலிருந்தே வாசலில் நின்றிருக்கிறார். நன்றாகக் கேட்டுவிடுவது என்றுதான் இறங்கினேன். அவர் மகளின் கையைப் பிடித்து, வளையல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கேட்க வந்ததை விட்டுவிட்டுப் பெட்டியை இறக்கினேன்.

கொஞ்சம் கழித்து என் பக்கம் திரும்பினார். "வண்டி ஒண்ணும் தொந்தரவு பண்ணலீங்களே மாப்ளே?"

"இல்லீங்க மாமா."

"பண்ணாதுங்க. கடையில விக்கறதெல்லாம் கலப்படம். புள்ள வர்ற வண்டியாச்சேன்னு நம்ம தோப்பு எண்ணெயத்தான் ஊத்தியிருக்கறனுங்க!"

சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாசத்தில் கலப்படமே இல்லை. போகிற ஊரின் குளிரைத்தான் அது விசாரிப்பதில்லை.

பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம், தாயையும் சேயையும் இதே காரில் மலைக்குக் கொண்டுபோய் விட வேண்டுமாம். அதுவரை கார் நிற்கப்போவது பெருமாட்டியில்... அந்தச் செம்புக்குப் பக்கத்திலேயே!