முரளி குப்பையில் போட்ட மாத்திரை

ஆடியில் வந்த கோபம், ஐப்பசி பிறந்தும் ஆறவில்லை. அதனால் இந்த வாரம் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தெரு முழுக்கக் காவடி. உள்ளே அக்காவின் கணவர் — எங்களுக்கு அவர் பாவா — சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கரும்பு வெட்டும் ஆட்களை வரப்பில் நின்றே அதட்டி வேலை வாங்கிய மனுஷன். எழுபதை நெருங்குகிறார்.

அன்று காலை ரயில்வே கேட்மேன்தான் அவரைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து விட்டாராம். தண்டவாளத்தின் நடுவில் நடந்துகொண்டிருந்தாராம்.

"அங்க எதுக்கு பாவா போனீங்க?"

"சும்மா... நடந்துகினு இருந்தேன்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. சித்திரையில் நன்றாக இருந்தவராயிற்றே!

போன மழைக்காலத்தில்தான் ஆரம்பித்தது. பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. விடியும் முன்பே விழித்து உட்கார்ந்துகொள்வார். "நான் இருந்து யாருக்கு என்னா லாபம்?" என்று அழுவார். வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள் — வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்.

அதென்ன அப்படித்தான்? வயதானால் முட்டி வலிக்கும், சரி. உயிரோடு இருப்பதேவா வலிக்கும்?

நானும் அக்காவும் அவரை அரக்கோணத்தில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனையெல்லாம் பார்த்துவிட்டு, "இது முதுமை இல்லம்மா, மனச்சோர்வு. நோய்" என்றார். வயதை உத்தேசித்து மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். "வேலை செய்யச் சில வாரம் ஆகும். நல்லாயிட்டாருன்னு நீங்களா நிறுத்திடாதீங்க" என்று வாசல்வரை வந்து சொன்னார்.

மாத்திரை வேலை செய்தது. முதலில் தூக்கம் வந்தது, அப்புறம் பசி. சித்திரையில் நான் போனபோது, ஊறுகாயில் உப்பு பத்தவில்லை என்று அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா சமையலறைக்குள் போய்ச் சந்தோஷத்தில் அழுதாள்.

பிறகு நிறுத்தியது யார்? பெற்ற மகன் முரளி! கிருத்திகை அன்று நான் கேட்டபோதுதான் சொன்னான்:

"மெடிக்கல்ல நிக்கறவனுங்கல்லாம் கேக்கறானுங்க சித்தி, நைனாவுக்கு மெண்டலான்னு. என் பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு இருக்கோம். அவருதான் நல்லாயிட்டாரே... தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து தன் பிரஷர் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏண்டா, உன் பிரஷர் இப்ப எப்படி இருக்கு?"

"ஆங், கன்ட்ரோல்ல கீது."

"நல்லாயிடுச்சு இல்ல? அதையும் குப்பையில போடு."

"அது எப்படி சித்தி... நிறுத்துனா எகிறிடுமே?"

"உங்க நைனாவுக்கு எகிறலடா. தண்டவாளத்துக்குப் போயிட்டாரு!"

வீடு நிறைய விருந்தாளிகள். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அன்றே கார் பிடித்து அரக்கோணம் போனோம். "கொஞ்ச நாளைக்கு இவரைத் தனியா விடாதீங்க. மாத்திரைய உங்க கையாலயே குடுங்க" என்று முரளியிடமே டாக்டர் சொன்னார். கொடுத்தான் — அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த முறை மருந்து பிடிக்கக் கூடுதல் நாளானது. சாப்பிட வைப்பதற்குள் அக்கா பாதியாகிவிட்டாள்.

போன வாரம் போன் செய்தாள். "கழனிக்குக் கெளம்பிட்டாருடி. மழை வர்ற மாதிரி இருக்கு, கொடை எங்கன்னு கேட்டாரு."

நனையக்கூடாது என்று நினைக்கிறாரே... எனக்கு அது போதும்.

ஆனால் கோபம் ஏன் ஆறவில்லை என்கிறீர்களா? முந்தாநாள் ஒரு கல்யாணத்தில், தெரிந்தவர் ஒருவர் என்னைத் தூண் மறைவுக்குக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். அவருடைய அம்மாவுக்காம் — அந்த டாக்டரின் விலாசம் வேண்டுமாம். குசுகுசுவென்று கேட்டார்.

நான் விலாசத்தைப் பந்தி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பல் டாக்டர் விலாசத்தை யாராவது தூண் மறைவில் கேட்பார்களா?